பட்டைக் கறை

பயமாக இருக்கிறது என்பதை அவ்வளவு சத்தமாகச் சொல்கிற ஒருத்தியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மற்றவர்கள் பசிக்கிறது என்றும் புழுங்குகிறது என்றும் சொல்வதைப்போல அவள் சொல்வாள். "எனக்குப் பயமா கீதுப்பா" என்று தெருமுனையில் அவள் குரல் கேட்டால், இன்றைக்கு ஏதோ வம்பில் தலையைக் கொடுக்கப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் பட்டைக் கொட்டகைக்கு அவள் மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வண்டி வண்டியாக வந்து இறங்கும் ஆவாரம்பட்டையை இடித்து, தொட்டியில் ஊறப்போட்டு, அந்தச் சாயத் தண்ணீரில் தோலைப் பதப்படுத்துவார்கள். இடிக்கவும் ஊறின பட்டையை அள்ளிச் சுமக்கவும் முப்பது பெண்கள் இருந்தார்கள். அந்த முப்பது பேரையும் மேய்க்கிற வேலை அவளுடையது. நல்ல உயரம், கனத்த தோள், உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கை. அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் மேஸ்திரியக்கா. நான் ஷாப்புக்கு எதிரில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளையில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே சுவரில் வீடு.

ஒரு நாள் பட்டைக் குவியலுக்குள் விரியன் புகுந்துவிட்டது. ஆண்கள் தடியோடு தூரத்தில் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்தாள். "ஐயோ, எனக்குப் பயமா கீதே, கை காலெல்லாம் நடுங்குதே" என்று ஷாப்பே கேட்கும்படி கத்தினாள். கத்திக்கொண்டே கொக்கியால் பட்டைக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். பாம்பு வெளியே வந்ததும் ஒரே அடி. அடித்த பிறகு அங்கேயே உட்கார்ந்து கால் மணி நேரம் நடுங்கினாள். அதையும் யாருக்கும் மறைக்கவில்லை.

இன்னொரு நாள் முதலாளியிடம் போய் நின்றாள். பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்ட ஒருத்தியை வெயிலில் விடாமல் நிழல் வேலைக்கு மாற்ற வேண்டும் என்று கேட்பதற்காக. முதலாளி சாயபு கோபக்காரர். அவர் எதிரில் நிற்க ஆண் மேஸ்திரிகளே யோசிப்பார்கள். இவள் போனதும் முதல் பேச்சே, "எனக்கு உங்கள கண்டா பயம் சாயபு" என்பதுதான்.

"பயம்னா ஏன் வந்தே?" என்றாராம் அவர்.

"பயம் போனப்பறம் வரலாம்னு பாத்தேன். அது போவல. அதான் அதையும் கூட இட்டுகினு வந்துட்டேன்."

சாயபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நிழல் கிடைத்தது.

நான் இதற்கு நேர் எதிர். எனக்குப் பயம் வந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். யாராவது கேட்டால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பேன். அவள் விடமாட்டாள். "அவரு பாத்துக்கட்டும் டீச்சரம்மா. நீ பயந்தியா இல்லியா, அத்த சொல்லு" என்பாள். நான் சொன்னதில்லை. உபாத்தியாயினி என்கிற ஜம்பம் ஒரு பக்கம்.

ஒரு வருஷம் சித்திரையில், பள்ளிக்கூடம் விட்டு நான் கதவைப் பூட்டுகிற நேரத்தில் அவள் வந்தாள். வேலை நேரத்தில் வருகிறவள் அல்ல. உள்ளே வந்து பிள்ளைகள் உட்காரும் பலகையில் உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மா, எனக்குத் தூரம் நின்னு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. மறுபடியும் படுது."

"எத்தனை நாளாக அக்கா?"

"வர்ற ஆடி வந்தா ஒரு வருசம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே சுவர், ஒரே கிணறு, ஒரே கொடி. அவள் புடவை காய்வதை ஒவ்வொரு நாளும் பார்த்தவள் நான். இடுப்புப் பக்கமும் பின்பக்கமும் மங்கலாகச் செங்காவி நிறத்தில் கறை இருக்கும். ஆனால் பட்டைக் கொட்டகையில் எந்தப் பெண்ணின் புடவையில் அது இல்லை? ஊறின பட்டைக் கூடையை இடுப்பில் ஏற்றினால் சாயம் வழியும். எத்தனை வெளுத்தாலும் போகாது. நான் பட்டைக் கறை என்றே நினைத்தேன்.

"பட்டை வேலைக்காரிக்கு ஒரு சவுரியம்மா. யாரும் கேக்க மாட்டாங்க. அப்பறம் நாத்தமும் வந்துச்சு. இந்த ஊர்ல எந்த நாத்தம் யாருக்குத் தெரியப்போவுது?"

இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பயமா கீது என்பாள், பிறகு எழுந்து என்ன செய்யலாம் என்பாள். நான் காத்திருந்தேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தை வரவேயில்லை.

குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த மகள் நிறைமாதமாக இருந்தாள். அவளிடம் சொல்லக் கூடாது என்றாள். புருஷன் தங்கவயலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆக நான்தான் கூடப் போனேன். காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து, வேலூரில் தனியாக மருத்துவம் பார்த்துவந்த மலையாளத்து டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். திரைக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கியபடி கை கழுவினார்.

"கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது. சாதாரணப் புண்ணாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். கொஞ்சம் சதை எடுத்திருக்கிறேன். மதராஸில் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். அதுவரை பயப்பட வேண்டாம்."

வேறொரு நாளாக இருந்தால், "பயப்படாம எப்பிடிம்மா இருக்கறது?" என்று அந்த அறையே அதிரக் கேட்டிருப்பாள். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

சதையைத் திங்கட்கிழமை தபால் பார்சலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அன்று வியாழன். "நாலு நாளு இங்கியே கெடக்குமா? குடுங்க, நானே கொண்டும்போய்க் குடுக்கறேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். டாக்டரம்மா யோசித்து, ஒரு கடிதமும் தக்கை அடைத்த சின்ன சீசாவும் கொடுத்தார். சீசாவில் மருந்துத் தண்ணீர். அதற்குள் மிளகு அளவில் இரண்டு துணுக்கு. குலுக்கக் கூடாது, திறக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

காட்பாடி ஸ்டேஷனில் கூட்டம் நெரித்தது. பெட்டியில் ஏறும்போது யாரோ இடித்து, சீசா அவள் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. உடையவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று நான் வாய்விட்டே சொன்னேன். வாலாஜா ரோடு தாண்டினதும் அவள் மடி நனைந்திருப்பதைப் பார்த்தோம். தக்கை தளர்ந்து, தண்ணீர் முக்காலும் ஒழுகிப்போயிருந்தது. துணுக்கு இரண்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பெட்டிக்குள் சித்திரை வெயில் அனலாக அடித்தது.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் மனதில் ஓடியது அப்படியே புரிந்தது, ஏனென்றால் எனக்குள்ளும் அதுதான் ஓடியது. ஆம்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், உரித்த தோலுக்கு உடனே உப்புப் போடாவிட்டால் ஒரு வெயில் தாங்காது, அழுகிவிடும். மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள இலையில் மடித்து உப்பு வைத்திருந்தோம்.

"போட்டுடட்டா டீச்சரம்மா? இல்லன்னா மதராஸ் போறதுக்குள்ள அழுவிடும்."

நான் தலையாட்டினேன். டிரெயினிங் படித்தவள், பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள், தலையாட்டினேன். அவள் தக்கையைப் பிடுங்கி, மூன்று விரலால் உப்பை எடுத்து, தோலுக்குத் தூவுகிற அதே நிதானத்தோடு சீசாவுக்குள் தூவினாள். துணுக்கு தெரியாமல் உப்பு மூடிக்கொண்டது. அவள் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. "இனிமே ஒண்ணும் ஆவாது" என்று தக்கையை அழுத்தி மூடினாள்.

மதராஸில் சீசாவை வாங்கிய குமாஸ்தா அதைப் பார்க்கக்கூட இல்லை. கடிதத்தை மட்டும் படித்து, நோட்டில் எழுதிக்கொண்டார். உப்பு விஷயத்தைச் சொல்லலாமா என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. திட்டுவாரோ என்று பயந்து விழுங்கிவிட்டேன்.

பதில் பள்ளிக்கூட விலாசத்துக்கு என் பெயரில் வரும் என்று ஏற்பாடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அவள் வாழ்வதா சாவதா என்பது அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளும் அதை யோசித்திருக்கிறாள்.

"லெட்டர் வந்தா நீ வந்து என் மூஞ்சப் பாத்துகினு முழிக்காத. நல்ல சேதின்னா ஸ்கூல் மணிய ரெண்டு தட்டு தட்டு, எனக்குக் கேக்கும். கெட்ட சேதின்னா நடந்து வா. உன்னப் பாத்ததும் நான் புரிஞ்சிக்கறேன்."

எங்கள் பள்ளிக்கூட மணி என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. பட்டைக் கொட்டகை வரை நன்றாகக் கேட்கும்.

பன்னிரண்டு நாள். பத்து மணிக்குத் தபால்காரர் வருவார். ஒன்பதே முக்காலிலிருந்து எனக்குக் காது அவர் செருப்புச் சத்தத்தில்தான் இருக்கும். வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் நல்ல சேதி வர வேண்டும் என்று ஜெபித்தேன். நாலைந்து நாள் போனபின் அந்தக் கடிதம் எங்காவது தொலைந்துபோக வேண்டும் என்று ஜெபித்தேன்.

அவளோ வேலைக்குப் போனாள், வந்தாள். ஒரு நாள் கூரையிலிருந்து பல்லி ஒன்று அவள் தோளில் விழுந்ததாம். பல்லி என்றால் ஊரைக் கூட்டுகிறவள். முப்பது பேரும் உலக்கையை நிறுத்திவிட்டு, இதோ கத்தப் போகிறாள் என்று சிரிக்கத் தயாராக இருந்தார்களாம். அவள் அதைத் தட்டிவிட்டு, "வேலையப் பாருங்க" என்றாளாம். இதை எனக்குச் சொன்ன கொட்டகைக்காரி வேடிக்கையாகத்தான் சொன்னாள். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வந்து என் வாசற்படியில் உட்காருவாள். கடிதத்தைப் பற்றிக் கேட்கமாட்டாள்.

"அந்தக் கண்ணாடில பாத்தா என் சதை எவ்ளோ பெர்சா தெரியும்?"

"ரொம்பப் பெரிதாகத் தெரியும் அக்கா. ஒரு மணலே கல் மாதிரி தெரியுமாம்."

"அப்ப உள்ள இன்னா கீதோ அது ஒளிஞ்சிக்க முடியாது."

"முடியாது."

எழுந்து போய்விடுவாள். இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுப்பது எனக்குக் கேட்கும், நான் புரண்டு படுப்பது அவளுக்கும் கேட்டிருக்கும்.

பதின்மூன்றாம் நாள் கடிதம் வந்தது. டாக்டரம்மாவின் கையெழுத்து. மதராஸிலிருந்து வந்த பதிலை உள்ளே வைத்து, மேலே நாலு வரி எழுதியிருந்தார். சதைத் துண்டு உப்பினால் சுருங்கிக் கெட்டுப்போயிருப்பதால் புற்றா இல்லையா என்று எதுவும் சொல்ல முடியவில்லை, நோயாளியை உடனே திரும்ப அழைத்து வரவும், உப்பு எப்படி வந்தது?

நான் மணியடிக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். நல்ல சேதிக்கு இரண்டு தட்டு. கெட்ட சேதிக்கு நடை. இதற்கு என்ன? இதற்கு நாங்கள் ஒன்றும் பேசிவைக்கவில்லை. தட்டினால் அவள் சந்தோஷப்பட்டுவிடுவாள், அது பொய். கட்டையைக் கீழே போட்டுவிட்டு நடந்தேன். ஓடியிருக்க வேண்டும்.

ஷாப்புக் கிணற்றைத் தாண்டும்போதே அவள் என்னைப் பார்த்துவிட்டாள். உலக்கை கையிலிருந்து மெல்லச் சரிந்தது. பட்டைக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இல்லை அக்கா, இல்லை" என்று நான் கையை ஆட்டினேன். அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டாளோ. நான் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

"எனக்குப் பயமா கீது டீச்சரம்மா" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்ன நாளிலிருந்து அன்றுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

நான் உட்கார்ந்து, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.

"உப்பா?"

"உப்புதான் அக்கா. நாம் போட்டது. நானும்தானே தலையாட்டினேன்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தோலுக்குப் போட்டா நிக்குது. எனக்குப் போட்டா நிக்கலியா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "நீ அந்தக் கெணத்தாண்ட வர்றப்பவே நான் செத்துட்டேம்மா. இப்ப மறுபடி பொழைக்க வெச்சிட்டே. இன்னொரு தபா சாவணுமா?"

மறுநாளே வேலூர் போனோம். டாக்டரம்மா திட்டவில்லை. திரைக்குப் பின்னால் போகுமுன் அவளைத் தனியே விட்டு, "எங்கள் உப்பினால் போன இத்தனை நாளில் ஏதாவது முற்றியிருக்குமா?" என்று நான் கேட்டேன். "ஒரு வருஷம் மறைத்துவைத்தது பெரிது. இந்தப் பதினைந்து நாள்..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் உள்ளே போய்விட்டார். மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. இன்றுவரை அந்த வாக்கியம் எனக்குள் முடியாமல்தான் கிடக்கிறது.

இந்தத் தடவை சதை தபாலில் போயிற்று. திரும்பும் வழியில் ஜட்காவில் அவள் சொன்னாள்: "இந்தத் தபா மணியும் வாணாம், நடையும் வாணாம். லெட்டர் வந்தா பிரிக்காத. அப்பிடியே கொட்டாய்க்கு எடுத்துகினு வா. ஒருத்தியா பயப்பட என்னால முடியல."

ஒன்பது நாள் காத்திருந்தோம். இந்த ஒன்பது நாளும் அவள் சொன்னாள். காலையில் எழுந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "டீச்சரம்மா, பயமா கீது" என்பாள். கிணற்றடியில் சொன்னாள். மத்தியானச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அதைக் கேட்பது முந்திய பன்னிரண்டு நாள் மௌனத்தைவிட எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. நான் மட்டும் பதிலுக்கு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடிதம் வந்தது. பிரிக்காமல் எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் அவள் கையைத் தூக்கினாள். முப்பது உலக்கையும் நின்றன.

"படி" என்றாள்.

"இவர்கள் முன்னாலா அக்கா?"

"இவளுங்க முன்னாலதான்."

பிரித்தேன். இங்கிலீஷில் இருந்த இரண்டு வரியைப் படித்தேன். எழுத்து கலங்கியது, மறுபடி படித்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுதானா?"

"அதுதான் அக்கா. அடுத்த புதன்கிழமை வெட்டி எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்."

அவள் எழுந்து நின்றாள். பாம்பு புகுந்த நாளில் கத்தினாளே, அதே குரல். "எல்லாரும் கேளுங்கடி. எனக்குக் கர்ப்பப்பை வாய்ல புத்தாம். ஒரு வருசமா ரத்தம் போவுது. பட்டைக் கறைன்னு உங்க அத்தினி பேர் கிட்டயும் மறைச்சிட்டேன். அடுத்த புதங்கெழம வெட்டி எடுக்கப் போறாங்க. எனக்குப் பயமா கீது. பொழைப்பனோ மாட்டனோ தெரியல. ரொம்பப் பயமா கீது."

யாரோ விசும்பினார்கள். ஒருத்தி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் அசையாமல் நின்றாள். நாலு பிள்ளை பெற்றவள், முப்பத்தைந்து வயதிருக்கும். உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, எனக்கும்..." என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இரண்டு பேர் தள்ளி நின்ற இன்னொருத்தி, சின்னப் பெண், ஒன்றும் பேசவில்லை. புடவையின் பின்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

நான் அந்த முப்பது புடவைகளையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடுப்பிலும் பின்னாலும் அதே செங்காவி. எது பட்டை, எது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, மருந்தில் சரியாகிவிட்டது. நாலு பிள்ளைக்காரிக்கு ஆரம்பம் என்றார்கள், வெட்டி எடுத்தார்கள், அவள் பேரப்பிள்ளை எடுத்தாள். மேஸ்திரியக்கா அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் இருந்தாள்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் புதன்கிழமை காலைதான். அவள், நான், டாக்டரம்மாவிடம் காட்ட வந்த அந்த இருவர் என்று நாலு பேரும் ஆம்பூர் ஸ்டேஷனில் நிற்கிறோம். அவள் கையில் துணி மூட்டை. சின்னப் பெண் மரம்போல விறைத்து நிற்கிறாள்.

"பயமா கீதாடி?" என்று மேஸ்திரியக்கா அவளைக் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினாள் அவள்.

"பொய் சொன்னா வண்டி ஏத்த மாட்டேன்."

"கீதுக்கா" என்று அவள் உடைந்து அழுதாள். அடுத்தவளும் கேட்காமலே, "எனக்கும்தான்" என்றாள்.

மேஸ்திரியக்கா என் பக்கம் திரும்பினாள். வண்டி வருகிறதா என்று பார்ப்பதுபோல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது வாய் வரை வந்தது.

"டீச்சரம்மா, நீ?"

"நீ செத்துப்போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது அக்கா" என்றேன். அதுவரை அவளிடம் நான் ஒருமையில் பேசியதில்லை.

"அதான் எனக்கும்" என்றாள் அவள். மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முதலில் என்னைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டாள்.